நனையாத சேலை

கல்விக் கந்தோரில் பதினெட்டு வருசம் கதிரை தேய்த்த கிளாக்கன் நான். இடமாற்றம் கேட்டு வரும் கடிதம், இடமாற்றத்தை நிறுத்தச் சொல்லி வரும் கடிதம், அதிபரைப் பற்றிய மொட்டைக் கடிதம், அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் இன்னொரு மொட்டைக் கடிதம், எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் பணிப்பாளரிடம் போகும். ஆனால் 'பதவியிலிருந்து விலகுகிறேன்' என்று ஒரு கடிதத்தை நான் முதன்முதலாகக் கண்டது தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதத்தில்தான்.

திருகோணமலையில் அரசாங்க வேலையை யாரும் விடுவதில்லை. வயது போனால் வேலை எங்களை விடும், செத்தால் விடும். கனடாவுக்குப் போனவர்கள்கூட விலகல் கடிதம் தந்ததில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். நாங்கள் ஆறு மாதம் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்தக் கடிதம் என் அடுத்த வளவு வீட்டு இரத்தினேஸ்வரி டீச்சருடையது. மூதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். காலை ஆறரைக்கு ஜெற்றியில் லோஞ்ச் படகு ஏறிக் குடாவைக் கடந்து போனால், திரும்பிவர நாலரை ஐந்தாகும். பதின்மூன்று வருசச் சேவை. காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'என் மகளோடு வீட்டில் இருப்பதற்காக.' தயவுசெய்து என்றோ தாழ்மையுடன் என்றோ ஒரு சொல் இல்லை.

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். நன்மைக்கென்றுதான் செய்தேன். அந்த நன்மை ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கை உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும். தண்ணீருக்கு அடியால் யாராவது நீந்திவந்து கப்பலுக்குக் குண்டு வைத்துவிடுவார்கள் என்று கடற்படைக்காரர் துறைமுகத்துக்குள் நேரங்காலம் இல்லாமல் வெடி போடுவார்கள். காதைப் பிளக்கும் சத்தம் அல்ல அது. நிலத்துக்குக் கீழே யாரோ உலக்கை போட்ட மாதிரி ஒரு 'தும்'. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுங்கும், சுவர்ச் சாந்து கொஞ்சம் உதிரும். நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். என் மனைவி அன்னலட்சுமி தேத்தண்ணி ஊற்றும்போது 'தும்' கேட்டால் கேத்தலைச் சரிக்காமல் ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு மிச்சத்தை ஊற்றுவாள். மனிசர் எதற்கும் பழகிவிடுவார்கள், அதுதான் மனிசரின் கேடு.

பழகாத ஒரே சீவன் டீச்சரின் மகள் மாதுமை. கோணேசர் கோயில் அம்மனின் பெயரை வைத்த எட்டு வயதுப் பிள்ளை. வகுப்பில் 'தும்' கேட்டால் வாங்குப் பலகைக்குக் கீழே போய்விடுவாள். சில நாட்களில் சட்டையும் நனைந்துவிடும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள், வகுப்பு டீச்சர் அடிமட்டத்தால் அடித்தார். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. பங்குனிக்குப் பிறகு பள்ளிக்கூடப் படலை வாசலிலேயே காலை ஊன்றி நின்றுவிட்டாள். இழுத்தாலும் அசையவில்லை. பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது தகப்பனின் அக்கா சிவபாக்கியம். அவர் கோயிலில் நூல் கட்டினார், ஆசுபத்திரியில் விற்றமின் வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கடிதம் என் லாச்சிக்குள் போய் ஒரு கிழமையில், ஞாயிற்றுக்கிழமை, தகப்பன் சோமசேகரம் வேலியால் எட்டி என்னைக் கூப்பிட்டான். பஸ் நிலையத்தடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். நகத்துக்குள் கிறீஸ் இல்லாமல் அவனை நான் கண்டதில்லை.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. நீங்களாவது இவவுக்குச் சொல்லுங்கோ."

கச்சான் காற்று தொடங்கியிருந்தது. வளவுப் புழுதி முழுவதும் பின்விறாந்தைக்கு வந்துகொண்டிருந்தது. இரத்தினேஸ்வரி டீச்சர் முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக் குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சிவபாக்கியம் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தேங்காயைவிட டீச்சரைத்தான் அதிகம் துருவியிருப்பார் போல, முகம் சிவந்திருந்தது.

"அண்ணை, என்ர கடிதம் பணிப்பாளரிட்டப் போட்டுதோ?" டீச்சர் தலை நிமிராமலே கேட்டார்.

"போகும், போகும். கந்தோர்க் கடிதம் நடந்துதான் போகும் தங்கச்சி, ஓடாது."

"கேட்டியளோ தம்பி இந்தக் கூத்தை?" என்று சிவபாக்கியம் தொடங்கினார். "பதின்மூண்டு வரியச் சேவை. இன்னும் ஏழு வரியம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தா பென்சன். கையில கிடைச்ச சீதேவியைக் காலால உதைக்கிறா."

"மச்சாள், பல்லைக் கடிக்கிறது நானில்லை. மாதுமை. நித்திரையில நறநறவெண்டு கடிக்கிறாள். உங்களுக்குப் பக்கத்திலதானே படுக்கிறாள், கேக்கிறேல்லையோ?"

சோமசேகரம் கைகளைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தான். "பிள்ளையின்ர பாடு எனக்கு விளங்காமலில்லை அண்ணை. நான் அந்த அட்டையைத்தான் யோசிக்கிறன். மாசி மாதம் ஆமிக்காரங்கள் என்னைச் சந்தியில பிடிச்சு ரெண்டு நாள் வச்சிருந்தவங்கள். இவ போய் டீச்சர் அட்டையைக் காட்டி, இது என்ர மனிசன் எண்டு நிண்டபடியாத்தான் விட்டவங்கள். அட்டையைக் குடுத்திட்டா நாளைக்கு என்ன செய்யிறது?"

அது வெறும் பேச்சல்ல. அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் அரசாங்க அட்டை உள்ளவருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு வேறு வரிசை. மற்ற வரிசையில் வெயில் கூடுதல்.

"உங்களைக் கூட்டிவர அட்டை இல்லாட்டியும் வருவன்" என்றார் டீச்சர். "அட்டையோ அண்டைக்கு வந்தது? நானெல்லோ வந்தனான்."

நான் தொண்டையைச் செருமினேன். "தங்கச்சி, வேலையை விடத் தேவையில்லை. ரவுணுக்கு இடமாற்றம் ஒண்டு கேளுமன்."

டீச்சர் கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாலு தரம் கேட்டனான் அண்ணை. நாலு தரமும் நீங்கள்தானே பதில் அடிச்சனீங்கள்? 'பதில் ஆசிரியர் வரும்வரை விடுவிக்க இயலாது.' கடல் கடந்து கணக்குப் படிப்பிக்க ஆர் வரப்போகினம்?"

அடித்தது நான்தான். நாலு தரமும் ஒரே வசனம். எனக்கு நினைவே இருக்கவில்லை.

"சரி, பிள்ளை கொஞ்சம் பயந்த சுபாவம். வளரச் சரியாகும். ஒரு சத்தத்துக்காக நீர்..."

"சத்தத்துக்கில்லை அண்ணை." டீச்சர் கையைக் கழுவினார். மாதுமை கிணற்றடியில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசினார். "நான் வேலையால வந்து படலையைத் திறக்க, இவள் ஓடிவந்து என்ர சீலைக் கரையைப் பிடிப்பாள். கண்டிருக்கிறியள்தானே? தாயில உயிர் எண்டு எல்லாரும் சொன்னியள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். போன மாதம் ஒரு நாள் லோஞ்சை மறிச்சுச் சோதிச்சதில பொழுதுபட்டுத்தான் வந்தனான். அண்டைக்கு மழைத் தூத்தல். ஜெற்றியில இருந்து நடந்து வர சீலைக் கரை நனைஞ்சு போச்சு. இவள் வந்து தொட்டாள். தொட்டிட்டு ஒரு கத்துக் கத்தினாள் அண்ணை, நான் என்ர சீவியத்தில அப்பிடி ஒரு சத்தம் கேட்டதில்லை."

"ஓம், எங்களுக்கும் கேட்டது" என்றேன்.

"பிறகு மடியில வச்சுக் கேட்டன். தும் எண்டு கேக்கிற நேரமெல்லாம் என்ர லோஞ்ச்தான் வெடிக்குது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். ரெண்டு வரியமா. ஆருக்கும் சொல்லேல்லை. நான் கடலுக்குள்ள அமிழ்ந்துபோய் எழும்பி வந்தனானோ எண்டு பாக்கத்தான் சீலையைத் தொடுறவள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் செத்துப்போட்டு, பின்னேரம் காஞ்ச சீலையோட நான் வீட்டை வாறன். அந்தப் பிள்ளை எப்பிடி அண்ணை 'அ'னா எழுதும்?"

சோமசேகரத்துக்கு இது முன்னமே தெரியும் போல, தலையைக் குனிந்துகொண்டான். சிவபாக்கியத்துக்குத் தெரியாது. திருவலையில் தேங்காய்ப் பாதி அப்படியே நின்றது. ஆனாலும் அவர் தோற்றுப்போகிற ஆள் இல்லை.

"அதுக்கு, பிள்ளைக்கு விளங்கப்படுத்தலாந்தானே ஈசு? அது லோஞ்ச் இல்லை, நேவி போடுற வெடி எண்டு."

"சொன்னனான். இண்டைக்கு அது லோஞ்ச் இல்லை. நாளைக்கும் இல்லையெண்டு உங்களால சத்தியம் பண்ண ஏலுமோ மச்சாள்? என்னால ஏலாது."

எனக்குக் கடைசியாக ஒரு அம்பு இருந்தது. "அங்க உள்ள பிள்ளையள்? அதுகளுக்கு ஆர் கணக்குச் சொல்லிக்குடுப்பினம்?"

டீச்சரின் முகம் வாடிப்போனது. "அதுதான் அண்ணை எனக்கு நோகுது. கெட்டிக்காரப் பிள்ளையள். அதுகளுக்கு வேற டீச்சர் தேட உங்கட கந்தோர் இருக்கு. இவளுக்கு வேற தாய் தேட எந்தக் கந்தோர் இருக்கு?"

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு மனிசன் போய் லாச்சியைத் திறந்து கடிதத்தை அனுப்பியிருப்பான். நான் கிளாக்கன் அல்லவா? டீச்சருக்கு இப்போது கோபம், மூன்று மாதம் வீட்டில் இருந்தால் கோபம் ஆறும், பிறகு 'ஐயோ அண்ணை, என்ர வேலை' என்று வந்து நிற்பார், அப்போது எடுத்து நீட்டலாம் என்று கணக்குப் போட்டேன்.

அதற்கு வழியும் என் கையில் இருந்தது. மூதூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு கையெழுத்து விடுபட்டால் ஒரு நாள் போய்விடும். லோஞ்ச் ஓடாத நாட்களில் விடுமுறைக் கடிதம் அனுப்பவும் வழியில்லை. அதனால் எல்லோரிடமும் வெற்று விடுமுறைப் படிவம் இரண்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்பேன். சட்டத்தில் இல்லாத வேலைதான். அவர்களும் நம்பிப் போட்டுத் தருவார்கள். டீச்சருடைய படிவம் ஒன்றை எடுத்து, மருத்துவ காரணம், சம்பளமற்ற விடுமுறை, ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை என்று நிரப்பினேன். தெரிந்த வைத்தியரிடம் முழங்கால் வாதம் என்று ஒரு அத்தாட்சிப் பத்திரம் வாங்கி இணைத்தேன். பணிப்பாளர் ஒப்பமிட்டார். வேலை விட்டாயிற்று என்று டீச்சர் நம்பினார், நானும் ஆமென்று தலையாட்டினேன். அட்டையைக் கந்தோர் கேட்கும்போது தந்தால் போதும் என்றேன்.

அந்த மூன்று மாதமும் நான் வேலிக்கு இப்பால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சோமசேகரம் காற்றுப்போன சைக்கிள் ரியூப்புகளைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினான். டீச்சர் பின்விறாந்தையில் பேசின் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒட்டுப் போட்டார். காற்றடித்த ரியூப்பைத் தண்ணீருக்குள் அமத்தி, குமிழி எங்கே வருகிறது என்று தேடும் வேலை மாதுமைக்கு. "பட்டதாரி டீச்சர் ரியூப் ஒட்டுறா, ஊர் சிரிக்குது" என்று சிவபாக்கியம் ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தார். "சிரிக்கட்டும் மச்சாள். ஊருக்கும் சிரிக்க ஒண்டு வேணுமெல்லோ" என்று டீச்சர் சொலுசன் பசை பூசினார்.

ரியூப்புகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரைச் சோக்கால் எழுதுவார்கள். முதலில் டீச்சர் எழுதினார். பிறகு மாதுமை எழுதினாள். தம்பையா, தம்பிராசா, இராசநாயகம் என்று ஊர்ச் சைக்கிள்காரர் எல்லாம் அவளுக்குப் பாடப் புத்தகம் ஆனார்கள். ஒரு நாள் அவள் 'இராசநாயகம்' என்று இடறாமல் வாசித்தபோது சிவபாக்கியம் பிட்டுக் குழலோடு குசினி வாசலுக்கு வந்து நின்றதைக் கண்டேன். அன்று பிட்டுக்குத் தேங்காய்ப்பூ கூடுதல்.

'தும்' மட்டும் நிற்கவில்லை. கேட்டவுடன் மாதுமை ஓடுவாள். தாய் எங்கே நின்றாலும் போய்ச் சேலைக் கரையைத் தொட்டு, "அம்மா நிக்கிறா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். டீச்சரும் ஒவ்வொரு தரமும், "ஓமடி குஞ்சு, நிக்கிறன். இனி அம்மா கடலேற மாட்டன்" என்பார். ஆனி மாதம் ஓடிக்கொண்டே சொன்னாள். ஆடி மாதம் நடந்து போய்ச் சொன்னாள். ஆவணி தொடங்க, இருந்த இடத்தில் இருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். வாங்குக்குக் கீழே ஒளிந்த பிள்ளை அது. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. லாச்சிக்குள் இருந்த கடிதம் உறுத்தவும் செய்தது. ஆனாலும் இப்போது போய் எப்படிச் சொல்வது என்று நாளைக் கடத்தினேன்.

விடுமுறை முடியப் பத்து நாள் இருக்கும்போது கந்தோர் தன்பாட்டில் ஒரு கடிதம் அனுப்பும். அது நடைமுறை. தட்டெழுத்துப் பிள்ளை அடித்து, பணிப்பாளர் ஒப்பமிட்டு, டீச்சரின் வீட்டு முகவரிக்கே போய்விட்டது. நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன்.

தபால்காரரிடம் கடிதத்தை வாங்கியது மாதுமை. இப்போது எழுத்தென்று எதைக் கண்டாலும் விடமாட்டாள். படலையடியிலேயே பிரித்து, எழுத்துக் கூட்டி, உரத்து வாசித்துக்கொண்டு வந்தாள். என் கட்டிலுக்கு அது கேட்டது. "முழங்... கால் வாதம் கார...ணமாக... செப்டெம்பர் முதலாம் திகதி... மூதூர்... பாடசாலையில்... கடமைக்குத் திரும்புமாறு..."

வாசிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள் ஏதோ விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. சோமசேகரம் வந்து பாதாளக் கரண்டி போட்டு எடுத்தபோது டீச்சர் லோஞ்சுக்குக் கொண்டுபோகும் கைப்பையும் குடையும் வந்தன, செருப்பில் ஒன்று வந்தது. மாதுமை கட்டிலுக்குக் கீழே இருந்தாள். பொழுதுபடும்வரை வெளியே வரவில்லை. சட்டை நனைந்திருந்தது.

அடுத்த நாள் நான் காய்ச்சலோடு கந்தோருக்குப் போனேன். பத்து மணிக்கு இரத்தினேஸ்வரி டீச்சர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடியும் ஏறி வந்தார். அந்தக் கைப்பையைத் தூக்கி என் மேசையில் வைத்தார். கிணற்றுத் தண்ணீர் கடிதக் கோவைகளுக்கு மேலால் ஓடியது.

"மிஸ்டர் குலசிங்கம், எனக்கு எந்த முழங்காலில வாதம்?"

பன்னிரண்டு வருசமாக அண்ணை என்று கூப்பிட்டவர்.

"தங்கச்சி, உம்மட நன்மைக்குத்தான்..."

"நான் உங்களிட்ட நன்மை கேட்டனானோ? ஒரு வரி எழுதித் தந்தனான். அதில உங்களுக்கு விளங்காத எழுத்து எது? வெத்துப் படிவத்தில நம்பிக் கையெழுத்துப் போட்டனான், அதைக் கொண்டே என்ர வாயில மண் போட்டிட்டியள். இவளுக்கு நான் மூண்டு மாதமாச் சொன்னனான், இனி அம்மா கடலேற மாட்டன் எண்டு. ஒவ்வொரு தும்முக்கும் சொன்னனான். நேற்று உங்கட கடிதம் வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டுது. அதையும் இவளே வாசிச்சாள். வாசிக்கப் பழகின பிள்ளைக்கு முதல் வந்த கடிதம் அது."

தட்டெழுத்து நின்றுவிட்டது. சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வெளியே வந்தார். நல்ல மனிசர், மெல்லிய குரல். என்ன நடந்தது என்று கேட்டறிந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டீச்சரிடம் சொன்னார்:

"டீச்சர், பிழை எங்கட பக்கம். ஆனா ஆறுதலா யோசியுங்கோ. விடுமுறையை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டித் தரலாம். அவசரப்பட்டு ஏன் கதவைச் சாத்துறியள்?"

"அந்தக் கதவு திறந்து கிடக்குமட்டும் இவள் அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பாள் சேர். சாத்துங்கோ."

"சோதனைச் சாவடியளில கஷ்டப்படுவியள்."

டீச்சர் ஈரப் பையைத் திறந்து அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். "சனம் நிக்கிற வரிசையில நிப்பன். வெயிலெண்டா குடையிருக்கு, கிணத்தால எடுத்தாச்சு."

பணிப்பாளர் பெருமூச்சு விட்டு எனக்குத் தலையசைத்தார். நான் லாச்சியைத் திறந்தேன். கடிதம் வைத்த மாதிரியே கிடந்தது. திகதி முத்திரையை மையில் ஒற்றி எடுத்தேன்.

அப்போதுதான் 'தும்' கேட்டது. கிட்டத்தில். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாங்கள் யாரும் அசையவில்லை. மாதுமையின் கை மட்டும் தாயின் சேலைக் கரைக்குப் போனது. தொட்டது. ஆனால் 'அம்மா நிக்கிறா' என்று சொல்லவில்லை. தாயின் முகத்தையும் என் கையில் இருந்த கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதை நம்புவதென்று தெரியாத பார்வை. அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"அதை அவளிட்டக் குடுங்கோ" என்றார் டீச்சர்.

"எதை?"

"முத்திரையை. நீங்கள் குத்தினா எனக்கு நம்பிக்கையில்லை. இதை வாசியடி குஞ்சு, வாசிச்சிட்டுக் குத்து."

மாதுமை மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு கடிதத்தை வாசித்தாள். "பதவியி...லிருந்து விலகுகிறேன். காரணம். என் மகளோடு வீட்டில் இருப்பதற்காக." வாசித்து முடித்து, இரண்டு கையாலும் முத்திரையைப் பிடித்து ஓங்கிக் குத்தினாள். மேசை அதிர்ந்தது. தன்னுடைய சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டாள். தாயைப் பார்த்தாள். தாய் அங்கேயே நின்றார். திரும்பவும் குத்தினாள், முன்னதிலும் பலமாக. மூன்றாவது குத்தில் என் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது.

"காணும், இனிப் போதும்" என்றார் டீச்சர். "வா போவம்."

ஒரே கடிதத்தில் மூன்று முத்திரை ஏன் என்று அடுத்த வருசம் கணக்காய்வுக்காரர் விளக்கம் கேட்டார்கள். ஒன்று தெளிவில்லாததால் என்று பதில் எழுதினேன். வெற்றுப் படிவம் வாங்கும் வழக்கத்தை அன்றோடு விட்டேன். சோமசேகரத்தை அதற்குப் பிறகும் ஒரு தரம் சந்தியில் மறித்து வைத்தார்கள். டீச்சர் அட்டை இல்லாமலே போய் வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்று கூட்டிவந்தார். தை மாதம் மாதுமை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். முதல் ஒரு மாதம் டீச்சர் படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரியூப்பும் சொலுசனுமாக இருந்தார். வகுப்பு டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவேண்டும் என்று இவரும் எதிர்பார்க்கவில்லை.

என்னோடு நெடுநாள் கதைக்கவில்லை. என் சைக்கிளுக்குக் காற்றுப் போனால் அன்னலட்சுமிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாசி மாதம் ஒரு பின்னேரம், அவளுக்கு முடியாமல் இருந்ததால் ரியூப்பை வாங்க நானே வேலியடிக்குப் போனேன். மாதுமை பேசினுக்கு முன்னால் தனியே இருந்தாள். கைகள் முழங்கை வரை தண்ணீருக்குள்.

"என்ர ரியூப் எது பிள்ளை?"

நாடியால் காட்டினாள். கொடியில் தொங்கிய ரியூப்பில் சோக்கால் வடிவாக எழுதியிருந்தது: 'வாதக்கார மாமா.'

நான் அதை எடுக்கக் கை நீட்டிய நேரம் 'தும்' என்றது. பேசின் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்தது. என்னையறியாமல் என் கண் குசினிப் பக்கம் போனது. மாதுமை எழும்பவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் ஆறும்வரை பொறுத்திருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ மாமா, அம்மா வீட்டிலதான் நிக்கிறா" என்று சொல்லிவிட்டு, ரியூப்பைத் திருப்பிக் குமிழியைத் தேடத் தொடங்கினாள்.